புத்தருக்கும் ஒரு பங்கு

துன் மறுபடியும் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான். அது ஏற்கெனவே தலைமுடியை இரண்டாகப் பிளக்கிற கூர்மையில்தான் இருந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறான். எழுந்தால் வாசலுக்குப் போகிறான். வாசலில் நின்றால் ஊர்மேட்டில் முரசு கொட்டிவிட்டார்களா என்று காதைத் தீட்டுகிறான். கொட்டவில்லை என்றால் திரும்பிவந்து கல்லை இழுத்துப் போட்டுக்கொள்கிறான். காலையிலிருந்து இதே கூத்து.

"அந்தக் கல்லை விடுங்க. கத்தி கரைஞ்சு ஊசியாயிடப் போகுது," என்றாள் அவன் மனைவி ரோங். அடுப்பில் தினைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மகள் சூ அவள் முதுகில் தொங்கிக்கொண்டு, கஞ்சிக்குள் எட்டிப் பார்த்தது.

அன்றைக்கு மண்சாமிக்கு வசந்தப் பலி. சாங் ஆற்றங்கரையில் எந்த ஊரானாலும் அதுதான் வழக்கம். மேட்டின்மேல் உள்ள பெருமரத்தடியில் பன்றியை வெட்டிச் சாமிக்குப் படைத்து, ஊரில் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை பங்கு போடுவார்கள். பங்கு போடுகிறவன் துன். அவன் அப்பாவும் அந்த வேலையைச் செய்தவர்தான். தராசு கிடையாது. கண்தான் தராசு. இதுவரைக்கும் ஒரு வீட்டுக்காரன்கூட என் பங்கு குறைந்தது என்று முகம் சுளித்ததில்லை.

பங்கு என்றால் வெறும் கறி இல்லை. பங்கு வாங்கித் தின்ற வீடு ஊரோடு சேர்ந்த வீடு. அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஊர் எட்டுத் தோள் கொடுக்கும். பங்கைத் திருப்பிய வீட்டுக்கு ஒரு தோளும் கிடையாது. போன வருஷம் ஆற்றோரத்து விதவை ஒருத்தி, கோபத்தில் பங்கைத் திருப்பி அனுப்பினாள். குளிர்காலத்தில் அவள் மகன் செத்தான். ஏர்க்கயிற்றைக் கட்டிப் பிணத்தைத் தானே பனியில் இழுத்துக்கொண்டு போனாள். ஊரே கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றது. துன்னும் பார்த்தான்.

"பங்கு வரும், ரோங்," என்றான், கல்லைப் பார்த்தபடியே.

"வரட்டும். வாசப்படி தாண்டக் கூடாது."

"வெளியவே வெச்சா நாய் தூக்கிட்டுப் போகும். தின்னலைன்னா திருப்பினதுக்குச் சமம்தான்."

"இவளைக் கொஞ்சம் பாருங்க," என்று முதுகை அவன் பக்கம் திருப்பினாள். "குளிர்ல இவ உடம்பு எப்படிக் கொதிச்சுது? சவப்பெட்டிக்குப் பலகை பாருன்னு உங்க வாயாலதானே சொன்னீங்க? அந்தச் சாமி முன்னாடி விழுந்து கேட்டேன். பிள்ளையைக் குடு, கொன்ன உயிரோட கறி இனிமே என் வாசப்படி தாண்டாதுன்னு. குடுத்துட்டாரு. இப்போ நான் வாக்கு மாறினா அவரு சும்மா இருப்பாரா?"

அந்தச் சாமி என்றால் புத்தர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒட்டகக் கூட்டத்தோடு மேற்கே மணற்காட்டிலிருந்து ஒரு மொட்டைத் துறவி வந்தார். கூட்டம் போய்விட்டது, அவர் மட்டும் ஆற்று வளைவில் இருந்த பாழடைந்த, அறையளவு பெரிய தானியக் குதிரில் தங்கிவிட்டார். போ என்று பெயர். மூக்கு நீளம் என்பதால் ஊர் அவருக்கு மூக்கர் என்று வைத்திருந்தது, முகத்துக்கு நேரே மட்டும் சாமி. பேச்சு அரைகுறை. கையளவு வெண்கலச் சிலை ஒன்று வைத்திருந்தார். உயிரைக் கொல்லாதே என்று மட்டும் சொல்வார். ரோங்கிடம் அவர் வாக்கு எதுவும் கேட்கவில்லை. மண்சாமியிடம் பேரம் பேசிப் பழகியவள், இந்தச் சாமியிடமும் அப்படியே பேசிவிட்டாள்.

"டேய் துன்," என்று உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இந்த வருஷம் எனக்கு விலாவா, தொடையா?"

துன் உள்ளே போனான். கிழவர் குளிர்காலம் முழுக்க எழுந்திருக்கவில்லை. கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுக்கைக்குப் பக்கத்திலேயே அவருடைய சவப்பெட்டி தயாராக இருந்தது. நல்ல சைப்ரஸ் மரம், அவரே பார்த்துப் பார்த்துச் செய்துவைத்தது. அதன்மேல்தான் தண்ணீர்க் குவளையை வைப்பார்.

"விலாவைக் கடிக்கப் பல்லு எங்கப்பா இருக்கு?"

"பல்லு எதுக்குடா? நாக்கு இருக்குல்ல. சப்பிக்கிறேன்." பெட்டியின் மூடியைத் தட்டினார். "வீடு கட்டியாச்சு. தூக்கிட்டுப் போய் வைக்கத்தான் ஆள் வேணும். இந்தப் பங்கைத் தின்னுட்டேன்னா நிம்மதியாக் கெளம்பிடுவேன். உம் பொண்டாட்டி என்னமோ முணுமுணுக்கிறாளே, என்னவாம்?"

"ஒண்ணுமில்லப்பா."

மேட்டில் முரசு கொட்டியது. துன் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடாத குறையாக வெளியே வந்தான்.

பெருமரத்தடியில் ஊர் ஆண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பன்றியைச் சுட்டு, சுரண்டி, பலகையில் கிடத்தியிருந்தார்கள். ஊர்த்தலைவர் மெங் தினைக் கள்ளை மண்ணில் ஊற்றிக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்ததும் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் அதற்கப்புறம் புதுசாக ஏதாவது சொல்வார் என்று துன்னுக்குத் தெரியும்.

"ஆத்து வளைவுல ஒரு சாமி வந்து உக்காந்திருக்கு. யே நகரத்து அரண்மனையிலேயே அதைக் கும்பிடுறாங்களாம். நம்ம துன் பொண்ணுக்குக் காய்ச்சலை இறக்கியிருக்கு. நம்ம வீட்டுப் பொம்பளைங்க பாதிப் பேரு அங்கதான் கெடக்குறாங்க. அந்தச் சாமியை வெளியில நிறுத்தி வெச்சா பொல்லாப்பு. அதனால இந்த வருஷத்துலேருந்து அதுக்கும் ஒரு பங்கு. என்ன சொல்றீங்க?"

யாரும் மறுக்கவில்லை. சாமி என்றால் பங்கு, பங்கு என்றால் பன்றிக்கறி. இதில் மறுக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லாருக்கும் பட்டது. உயிரைக் கொல்லாதே என்கிற சாமிக்குக் கொன்ற பன்றியா என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. துன்னுக்குத் தோன்றியது. ஆனால் அவன் இருந்த இருப்பில் வாயைத் திறக்கவா முடியும்?

"புத்தருக்குக் கொழுப்பு பிடிக்குமா, சதை பிடிக்குமா?" என்று கேட்டான் பக்கத்து வீட்டு லியாவ். அவனுக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது. "துன்னு, உன் பொண்டாட்டியைக் கேட்டுச் சொல்லுடா. அவளுக்குத்தான் அவரோட வீட்டு நடப்பெல்லாம் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். துன்னும் சிரித்ததுபோல் பல்லைக் காட்டிவிட்டுப் பலகைக்கு முன்னால் குந்தினான்.

வெட்டினான். நாணல் இலைகளில் ஒவ்வொரு பங்காக வைத்துக்கொண்டே போனான். எத்தனையோ வருஷம் அதே பலகை, அதே எண்ணிக்கை. கை தானாக ஓடும். மனது மட்டும் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. படிக்கு அந்தப்பக்கம் அப்பா நாக்கைச் சப்புக்கொட்டுகிறார், இந்தப்பக்கம் ரோங் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். கறியைக் கொண்டுபோனால் பிள்ளை போய்விடும் என்கிறாள். கொண்டுபோகாவிட்டால் அப்பா பனியில் இழுபடுவார். எப்படி வெட்டினால் இது இரண்டாகும்?

விருந்தாளி என்பதால் முதல் இலை புத்தருக்குப் போனது. தலைவரின் ஆள் அதை எடுத்துக்கொண்டு ஆற்று வளைவுக்கு நடந்தான். அப்புறம் வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து எடுத்துப்போனார்கள். வெட்டுகிறவன் பங்கு எப்போதும் கடைசி. லியாவ் தன் இலையைத் தூக்கிய பிறகு பலகையில் ரத்தமும் முறிந்த எலும்பும்தான் மிச்சம்.

"உன்னோடது எங்கடா?" என்றான் லியாவ். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

துன் பலகையைப் பார்த்தான். கையைப் பார்த்தான். பழைய எண்ணிக்கைக்கே வெட்டியிருக்கிறான். புத்தருக்கு ஒன்று கூட வேண்டும் என்பதைக் கை மறந்துவிட்டது. மறந்ததா, மறந்ததுபோல் இருந்துவிட்டதா? அடித்துக் கேட்டாலும் அவனால் சொல்ல முடியாது.

"கணக்குத் தப்பிப் போச்சு, தலைவரே."

"இத்தனை வருஷம் தப்பாத கை," என்றார் மெங். "உன் பொண்டாட்டி கறி வேணாம்னு நேர்ந்துக்கிட்ட கதை எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

"என்னோடதுல கொஞ்சம் கிள்ளிக் குடுக்கட்டுமா?" என்றான் லியாவ்.

"சாமி குடுத்த பங்கைக் கிள்ளிக் குடுக்க நீ யாருடா? அப்புறம் ஆளாளுக்குக் கிள்ளுவான்." மெங் மேல்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கும் மனசு கேட்கவில்லை என்பது தெரிந்தது, இருந்தாலும் சொல்லிவிட்டார். "அடுத்த வசந்தம் வரைக்கும் உன் வீட்டுக்குத் தோள் இல்ல, துன். இது நான் வெச்ச சட்டம் இல்லப்பா."

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் காவல் நின்ற ரோங், அவன் கையைப் பார்த்ததும் அழுதேவிட்டாள். "பாத்தீங்களா? அவரு பாத்துக்கிட்டாரு பாத்தீங்களா?" என்று பிள்ளையைத் தூக்கி முத்தமிட்டாள். அவள் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிச்சலாக வந்தது.

அப்பா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நடந்ததை துன் மென்று விழுங்கிச் சொன்னான். கிழவர் கிண்ணத்தைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அந்த விதவை மகன் பெட்டிகூட இல்லாமப் போனான்," என்றார் சுவரைப் பார்த்தபடி. "எனக்குப் பெட்டியாவது இருக்கு. கயிறு கட்டி இழுத்தா அடி தேயும். நல்ல மரம்டா அது."

அதற்குமேல் அந்த வீட்டில் துன்னுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே நடந்தான். கால் அவனை ஆற்று வளைவில் கொண்டுபோய் நிறுத்தியது.

குதிருக்குள் போ துறவி சிலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சிலைக்கு முன்னால் நாணல் இலையில் நல்ல தொடைக்கறி. வெட்டிய கைக்கு அது தெரியாதா? விருந்தாளிச் சாமிக்கு என்று பார்த்துப் பார்த்து வெட்டியது.

"வா," என்றார். இலையைக் காட்டினார். "இது, ஏன்?"

"ஊர் குடுத்த பங்கு, சாமி. உங்க புத்தரையும் ஊர்ல சேத்துக்கிட்டோம்."

துறவி சிலையையும் கறியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "அவர் தின்ன மாட்டார்."

"மண்சாமியும்தான் தின்னாது. சாமி பேரைச் சொல்லி நாங்கதான் திம்போம்." நின்றுகொண்டே பேச ஆரம்பித்தவன் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் எழுந்தான். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். ரோங்கின் வாக்கு, அப்பாவின் வீங்கிய கால், காலியான பலகை, எட்டுத் தோள். துறவிக்குப் புரியாத இடத்தில் கையால் செய்து காட்டினான். "எங்க வீட்டுக்கு இப்போ பங்கு இல்ல. அந்தக் கறி எங்க அப்பாவோட தோளு, சாமி. புரியுதா? ஆனா அதை நான் எடுத்துட்டும் போக முடியாது."

"தின்றால், தோள் கொடுக்க வேண்டும்?"

"ஆமா. ஊரோட வழக்கம்."

"இது, உன் பங்கு?"

"எனக்கு வர வேண்டியது உங்ககிட்ட வந்துடுச்சு. அவ்வளவுதான்."

துறவி பிச்சைப் பாத்திரத்தை எடுத்து துன்னிடம் நீட்டினார். கறியை அதில் போடும்படி சைகை காட்டினார். துன் ஒன்றும் விளங்காமல் போட்டான். வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, சருகைப் பற்றவைத்து, பானையில் வேகவைத்தார் துறவி. வெந்ததும் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார்.

துன்னுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரைக் கொல்லாதே என்று ஊரெல்லாம் சொல்கிற மனுஷன் பன்றித்தொடையை மென்றுகொண்டிருக்கிறார். பழக்கமில்லாத வயிறு போலிருக்கிறது, நடுவில் இரண்டு தடவை குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுபடி தின்றார். கொழுப்பைக்கூட விடவில்லை. எலும்பை வழித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் குடித்தார்.

மாட்டை ஓட்டிக்கொண்டு அந்த வழியே வந்த லியாவ் இதைப் பார்த்துவிட்டான். அப்புறம் கேட்கவா வேண்டும்? மாடு வீடு சேருமுன் சேதி ஊர் முழுக்கச் சேர்ந்துவிட்டது. "மூக்கர் பன்னித் தொடையை முழுசாத் தின்னுட்டாருடோய். பொம்பளைங்களுக்கு மட்டும்தான் கறி வேணாமாம்." மறுநாள் குதிர்ப்பக்கம் ஒரு பெண்ணும் போகவில்லை. யாரோ வாசலில் பன்றிச்சாணியை வாரிக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

ரோங்தான் கொதித்துப் போனாள். "நிஜமாவே தின்னாரா? நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?" என்று மாறி மாறிக் கேட்டாள். துன் ஆமாம் என்றதும் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "அப்போ நான் யாருக்கு வாக்குக் குடுத்தேன்? மாமாவை நோகடிச்சேனே, யாருக்காக?" என்று புலம்பினாள். அன்றிலிருந்து பிள்ளையின் நெற்றியை நொடிக்கொருதரம் தொட்டுப் பார்ப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. துறவி ஏன் தின்றார் என்று அவனுக்கும் தெரியவில்லை.

மரங்கள் துளிர்விட்டு முடிவதற்குள் அப்பா போய்விட்டார். கடைசி நாளில்கூடக் கேட்டார், "எத்தனை தோளுடா தேறும்?" என்று.

துக்கத்துக்கு வெள்ளைச் சணல் துணி உடுத்திக்கொண்டு வீடு வீடாகப் போய் வாசலில் தலையை மண்ணில் முட்டினான். வழக்கப்படி பெற்ற மகன் பெட்டியைத் தூக்கக் கூடாது, கோல் ஊன்றி முன்னால் நடக்க வேண்டும். அதனால் பிறத்தியார் தோள்தான் வேண்டும். யாரும் கதவைச் சாத்தவில்லை. யாரும் கிளம்பவும் இல்லை. தெருவுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். மெங் தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பெட்டி. பெட்டியில் கட்டிய கழிகள். கழிகளுக்குக் கீழே ஆள் இல்லை. துன் ஏர்க்கயிற்றை எடுக்கக் கொட்டிலுக்குப் போனான். கயிறு கைக்கு வந்ததும் அவனால் அங்கிருந்து நகர முடியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

வெளியே சலசலப்புக் கேட்டு வந்து பார்த்தால், ஆற்றுப்பக்கத்திலிருந்து போ துறவி வந்துகொண்டிருந்தார். வழியில் எவனோ துப்பிய எச்சில் மேலாடையில் வழிந்துகொண்டிருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே வந்து பெட்டியின் முன்கழிக்குக் கீழே தோளைக் கொடுத்துக் குந்தினார்.

"சாமி, எழுந்திரிங்க," என்றார் மெங். "இது உங்க வேலை இல்ல."

"தின்றேன்," என்றார் துறவி.

"தின்னீங்க, தெரியும். ஊருக்கே தெரியும். பங்கு உள்ள வீட்டுக்கு வந்து தூக்குங்க. இந்த வீட்டுக்குப் பங்கு கிடையாது."

துறவி தலையை ஆட்டி மறுத்தார். சரியான சொற்களைத் தேடிக் கொஞ்சம் திணறினார். "நான் தின்றது, இந்த வீட்டுப் பங்கு. இவர் பங்கு. எனக்கு வந்துவிட்டது. திருப்பினால், இவருக்கு ஆள் இல்லை. அதனால் தின்றேன். மிச்சம் இல்லாமல் தின்றேன்."

மெங் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். பங்கு போடப்பட்டது. திருப்பி அனுப்பப்படவில்லை. தின்னப்பட்டுவிட்டது. தின்றவர் தோளோடு வந்து நிற்கிறார். இதற்கு மேல் எந்தச் சட்டத்தைச் சொல்வது?

லியாவ்தான் முதலில் வந்தான். சாணி கொட்டிய கை அவனுடையதுதான் என்று அவன் முகமே சொன்னது. துறவிக்குப் பின்னால் இருந்த கழியில் தோளை வைத்துக்கொண்டு, "என்னடா வேடிக்கை, வாங்கடா," என்றான் கரகரத்த குரலில். ஒருவன் வந்தான், இன்னொருவன் வந்தான். கடைசித் தோள் மெங் தலைவருடையது. அந்த வயதில் அவர் யாருக்கும் தோள் கொடுத்து ஊர் பார்த்ததில்லை.

அதற்குள் ரோங் உள்ளே ஓடினாள். மாமாவின் பழைய பஞ்சுச் சட்டையை எடுத்து வந்து நான்காக மடித்தாள். துறவியைப் பார்க்க அவளால் முடியவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டே, தன் உடுப்பின் கையால் அந்த எச்சிலைத் துடைத்துவிட்டு, சட்டையை அவர் தோளுக்கும் கழிக்கும் நடுவில் செருகினாள். "எனக்குத் தெரியாமப் போச்சே, சாமி," என்றாள்.

தூக்கினார்கள். தூக்கியதும் பெட்டி பின்பக்கமாகச் சரிந்தது. ஊர்க்காரர்கள் எல்லாரும் குட்டை. மூக்கர் ஒருவர்தான் ஒட்டகம்போல உயரம்.

"குனிங்க சாமி," என்று பின்னாலிருந்து கத்தினான் லியாவ். "பெரியவரு உள்ள உருளுறாரு."

துறவி முழங்காலை மடக்கித் தாழ்ந்தார். பெட்டி நேரானது. துன் கோலை ஊன்றி முன்னால் நடந்தான். இடுகாடு ஆற்றுக்கு அப்பால் மேட்டில் இருந்தது. தூக்குகிறவர்கள் சரியாக வருகிறார்களா என்று அவன் அடிக்கடி திரும்பிப் பார்த்தான். பாலத்தில் பார்த்தான், உழுத வயலில் பார்த்தான், ஏற்றத்தில் பார்த்தான். வேர்வை மூக்கு நுனியில் சொட்ட, தொடைகள் வெடவெடவென்று நடுங்க, மூக்கர் மடக்கிய முழங்காலோடே வந்துகொண்டிருந்தார். பெட்டியைக் குழியோரம் இறக்கும்வரை அவர் ஒரு தடவைகூட நிமிரவில்லை.